இஸ்லாமியக் கலை நூதனசாலையும் நாமும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் அரசர் பெயர்களையும் போர் நிகழ்ந்த ஆண்டுகளையும் மனனஞ் செய்துவிட்டாற் போதும் என்று எண்ணுதல் தவறு. அச்சமுதாயத்தார் எத்தகைய கலத்தில் நீர் அருந்தினர், எவ்வகை விளக்கொளியில் நூல் ஓதினர், இறந்தோர் தலைமாட்டில் எத்தகைய கல்லை நாட்டினர் என்பனவும் வரலாறே. இவ்வரலாற்றைக் கண்ணாற் கண்டு கற்பதற்குரிய பள்ளியே நூதனசாலை. ஆயின், அங்குள்ள பொருள்களை வெறுமனே பார்த்து வருதல் கல்வியாகாது. அவற்றை வாசிக்கவும் தெரிதல் வேண்டும்.

வாசிக்கத் தெரியாமை எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சியொன்று சான்றாகும். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, நம் நாட்டின் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் கொடிய குண்டுத் தாக்குதல்கள் நிகழ்ந்தன. நாடு முழுவதும் அச்சம் பரவிற்று. அந்நாள்களிலே முஸ்லிம் பெண்மணி ஒருவர் தாம் உடுத்திருந்த ஆடையின் பொருட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அவ்வாடையில் அச்சிடப்பட்டிருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். கண்டோர் அதனைத் தருமசக்கரம் என்று பிறழ உணர்ந்தனர். ஓர் உருவத்தைச் சரியாக வாசிக்க இயலாமையால் ஒருவர் தம் விடுதலையையே இழக்க நேர்ந்தது.

இஸ்லாமியக் கலைக்கென அமைந்த நூதனசாலைகள் எவ்வாறு எழுந்தன, அக்கலையின் உயிர்நிலை யாது, ஊவா மாகாணத்துத் தமிழராகிய நமக்கும் அதற்கும் உள்ள உறவு யாது என்பவற்றைச் சுருங்க ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கெய்ரோவின் முன்மாதிரி

இத்தகைய நூதனசாலைகளுள் மூத்தனவற்றுள் ஒன்றாகவும் முதன்மை வாய்ந்ததாகவும் விளங்குவது எகிப்தின் தலைநகராகிய கெய்ரோவில் உள்ளது. 19ஆம் நூற்றாண்டிலே அந்நகரின் பழைய பள்ளிவாசல்கள் பல சிதைவுற்றுக் கிடந்தன. அவற்றின் கதவுகளும் விளக்குகளும் பிறநாட்டார் கைக்குச் சென்றுகொண்டிருந்தன. இவற்றைப் பேணுதற்பொருட்டு 1881இல் ஒரு குழு அமைக்கப்பெற்றது. திரட்டிய பொருள்களை முதலில் அல்-ஹாக்கிம் பள்ளிவாசலின் முற்றத்திலேயே வைத்தனர். 1903இல் பாப் அல்-கல்க் என்னுமிடத்தில் அவற்றுக்கெனத் தனிக் கட்டடம் எழுந்தது. இன்று அங்கே ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் உள்ளன.

அந்நூதனசாலையின் பெயர் மாறிய வரலாறு நம் கவனத்துக்குரியது. தொடக்கத்தில் அதற்கு அரபுக் கலை நூதனசாலை என்றே பெயர். ஆனால் உள்ளிருந்த பொருள்கள் அரபு நாட்டவை மாத்திரமல்ல. பாரசீகத்துக் கம்பளமும் துருக்கியரின் மட்கலமும் பிறநாட்டுக் கைவினைகளும் அவற்றுள் இருந்தன. ஆதலின் 1950களின் தொடக்கத்தில் அப்பெயர் இஸ்லாமியக் கலை நூதனசாலை என மாற்றப்பட்டது. ஒரு சமயம் பல நாடுகளிலே பரவி, அவ்வந்நாட்டு மொழியையும் மண்ணையும் மரத்தையும் ஏற்றுப் பல்வேறு வடிவு கொண்டது என்னும் உண்மை அப்பெயர் மாற்றத்திலே அடங்கியுள்ளது. 1998இல் கோலாலம்பூரில் திறக்கப்பெற்ற நூதனசாலையில் இந்தியா, சீனா, மலாய் நாடு ஆகியவற்றின் இஸ்லாமியப் பொருள்களுக்குத் தனித்தனிக் கூடங்கள் அமைந்திருப்பதும் இக்கருத்தையே வலியுறுத்தும்.

2014ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், கெய்ரோ நூதனசாலைக்கு எதிரேயிருந்த பொலிஸ் தலைமையகத்தைக் குறிவைத்துக் குண்டொன்று வெடித்தது. பல நூற்றாண்டுகள் பிழைத்திருந்த கண்ணாடிக் கலங்கள் சில ஒரு நொடியில் நொறுங்கின. அறிஞர்கள் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒட்டினர். 2017இல் நூதனசாலை மீண்டும் திறக்கப்பெற்றது. பொருள்களைத் திரட்டுதல் போன்றே, சிதைந்தவற்றைப் பொறுமையுடன் சேர்த்தலும் நூதனசாலையின் கடமை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

எழுத்தும் புள்ளியும்

இஸ்லாமியக் கலையின் உயிர்நிலை யாது? இறைவனை உருவத்தில் அமைத்து வழிபடுதல் இஸ்லாத்தில் இல்லை. பள்ளிவாசலிலே சிற்பமும் ஓவியமும் இடம்பெறா. ஆயினும் அரண்மனைகளுக்கென எழுதப்பட்ட பாரசீக, மொகலாய ஓவியங்களிலே மனித உருவங்கள் நிறைந்திருத்தலின், அக்கலை உருவத்தை அறவே விலக்கிற்று எனக் கூறுதல் பொருந்தாது. நம் கோயிலில் சிற்பி பெறும் இடத்தைப் பள்ளிவாசலில் எழுத்தாளர் பெற்றார் என்று கூறுதலே பொருத்தமாகும். ஈண்டு எழுத்தாளர் என்றது எழுத்துக்களை அழகுற வரையும் கலைஞரை.

தொடக்க காலத்தில் சிறந்து விளங்கியது கூபி என்னும் எழுத்து. கோணங்கள் நிறைந்து, கல்லிற் பொறித்தற்கு ஏற்றதாக அமைந்தது அது. கெய்ரோ நூதனசாலையில் ஹிஜ்ரி 31ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 652, பொறிக்கப்பெற்ற கல்லறைக் கல் ஒன்றுண்டு. காலம் குறிக்கப்பட்ட மிகப் பழைய அரபுக் கல்வெட்டுக்களுள் அது ஒன்று. அதன் எழுத்து எளியது, அணியற்றது. அடுத்த முந்நூறு ஆண்டுகளில் அவ்வெழுத்து எத்துணை வளர்ச்சி பெற்றது என்பதை அதே நூதனசாலையின் பிற கற்களிற் காணலாம். 10ஆம் நூற்றாண்டிலே நிஷாப்பூரில் வனைந்த வெண்ணிற உண்கலங்களின் விளிம்பைச் சுற்றிப் பழமொழிகளும் வாழ்த்துக்களும் கூபி எழுத்தில் வரையப்பட்டன. எழுத்து கல்லிலிருந்து சமையற்கட்டுக்கு வந்தது.

இவ்வெழுத்துக் கலைக்கு இலக்கணம் வகுத்தவர் பக்தாத்து அமைச்சராக இருந்த இப்னு முக்லா. நாணற் பேனாவின் முனையை ஒருமுறை தாளில் அழுத்தினால் சாய்சதுர வடிவான ஒரு புள்ளி விழும். அப்புள்ளியையே அளவுகோலாகக் கொண்டார் அவர். அலிப் என்னும் நெடுங்கோடு இத்தனை புள்ளி உயரம், அவ்வுயரத்தை விட்டமாகக் கொண்ட வட்டத்துள் ஏனைய எழுத்துக்கள் அமைதல் வேண்டும் என வரையறுத்தார். அரசியற் சூழ்ச்சியால் வலக்கை வெட்டப்பட்டுச் சிறையிலே 940இல் மாண்டார். அவர் வகுத்த அளவு இன்றும் கையாளப்படுகின்றது.

முதலிற் புள்ளியிட்டு, அப்புள்ளியை அளவாகக் கொண்டு கோடிழுத்தல் நம் பெண்டிர்க்குப் புதிதன்று. தோட்டத்து லயத்தின் வாசலிலே மார்கழியில் இடப்படும் கோலமும் அவ்வாறே பிறக்கின்றது. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று தோன்றின என்பது என் கருத்தன்று. ஒன்றை அறிந்த கண்ணுக்கு மற்றொன்றை அறிதல் எளிது என்பதே கருத்து.

மிதிபட்ட கற்கள்

நிற்க. இக்கலை நம் தீவை அடைந்தமைக்குச் சான்று உளதோ எனின், உண்டு. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்துள்ள மாந்தை மேட்டில் 1980 தொடக்கம் 1984 வரை அகழ்வு நிகழ்ந்தது. அங்கு அப்பாசியர் காலத்து மெருகிட்ட மட்கலத் துண்டுகள் சீனக் கலங்களின் துண்டுகளோடு வெளிப்பட்டன. சிவபெருமான் திருக்கோயிலின் அயலிலேயே மேற்காசிய வணிகரின் கலங்கள் கிடந்தன என்பது சிந்தித்தற்குரியது.

கொழும்பில் கிடைத்த காலித் இப்னு அபூபகாயா என்பாரின் கல்லறைக் கல் அதனினும் தெளிவாகப் பேசுவது. அது கூபி எழுத்திற் பொறிக்கப்பெற்றது. அதன் ஆண்டு ஹிஜ்ரி 337 (கி.பி. 948) எனப் பொதுவாக வாசிப்பர். பக்தாத்தில் இப்னு முக்லா மறைந்து ஏறக்குறைய எட்டாண்டுகளின் பின்னர், நம் கடற்கரையிலே அந்த எழுத்து மரபு ஒரு கல்லில் ஏறியது. இலங்கையின் பிரதம நீதியரசராக விளங்கிய சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் 1827இல் இக்கல்லைப் பற்றி எழுதினார். ஒல்லாந்த அதிகாரி ஒருவர் முஸ்லிம்களின் மயானத்திலிருந்து அதனைப் பெயர்த்துத் தம் வீட்டுக்குப் படிக்கல்லாக இட்டார் என்பது அவர் தரும் செய்தி.

காலியிற் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டின் கதையும் இதுவே. சீனக் கடற்படைத் தலைவராகிய செங் ஹோ கொணர்ந்த இக்கல்லின் வாசகம் 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீன மொழிப் பகுதி புத்தபிரானுக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார்க்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் இறைவனுக்கும் வழங்கிய காணிக்கைகளைக் கூறும். செங் ஹோ தாமே முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவர். மூன்று சமயத்தாரையும் மூன்று மொழியில் வணங்கிய இக்கல் 1911இல் கண்டெடுக்கப்பட்டபோது, எழுத்துள்ள முகம் கீழாகக் கவிழ்த்து மதகொன்றின் மூடியாக வைக்கப்பட்டிருந்தது. இன்று அது கொழும்பு நூதனசாலையில் உள்ளது.

அந்நூதனசாலைக் கட்டடமும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. தேசாதிபதி சேர் வில்லியம் கிறகரியின் காலத்தில் 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் அது திறக்கப்பெற்றது. அதனைக் கட்டி முடித்தவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் என்னும் சோனகர். இதற்குக் கைம்மாறாக யாது வேண்டும் எனத் தேசாதிபதி வினவியபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை மூடப்படவேண்டும் என்பதொன்றையே அவர் கேட்டார் என ஒரு வழக்கு உண்டு.

ஊவாவும் இவ்வணிகத்துக்குப் புறம்பானதன்று. பதுளைப் பொது நூலக வளவில் நிற்கும் கற்றூணை நம் மாணாக்கர் நாள்தோறும் கடந்து செல்கின்றனர். அது மகியங்கனைப் பக்கத்திலிருந்த கோப்பிட்டிகமம் என்னும் வணிகத்தலத்துக்கு 10ஆம் நூற்றாண்டில் விதிக்கப்பட்ட ஒழுங்குகளைச் சிங்களத்திற் கூறுவது. அனுமதியில்லா அளவைகளைப் பயன்படுத்தலாகாது, போயா நாளில் வணிகஞ் செய்யலாகாது என்பன அவ்வொழுங்குகளுட் சில. கொழும்பிலே காலிதின் கல் நாட்டப்பட்ட அதே நூற்றாண்டில், நம் மலையடிவாரத்திலும் அளவு தவறாத வணிகம் போற்றப்பட்டது. பிற்காலத்தே கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் துணியையும் தவளம் எனப்படும் பொதிமாட்டு வரிசைகளில் ஏற்றி இம்மலைகளுக்குக் கொணர்ந்தோருள் முஸ்லிம்கள் முதன்மையானவர். 1817இல் ஆங்கில ஆட்சியினர் ஹாஜி மரிக்கார் என்பாரை வெல்லசையில் முகாந்திரமாக நியமித்தனர். அது ஊவாக் கிளர்ச்சியின் காரணங்களுள் ஒன்றாயிற்று. தேயிலையும் கோப்பியும் இங்கு வருமுன்னரே அவர்கள் இங்கிருந்தனர்.

எழுத்து அரபு, மொழி தமிழ்

பதுளைக் கடைவீதியில் எனக்கு நெடுநாட் பழக்கமான துணிக்கடைக்காரர் ஒருவர் உள்ளார். எழுபது வயதைக் கடந்தவர். அவரை நானா என்று நான் அழைப்பேன். அவர் என்னை மாஸ்டர் என்பார். 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள், வேறெவரும் இல்லாத வேளை பார்த்து, பழைய துணியிற் சுற்றிய பொதியொன்றை மேசைமேல் வைத்து அவிழ்த்தார். உள்ளே கல்லச்சிற் பதித்த ஒரு நூல். தாள்கள் பழுத்திருந்தன. எழுத்துக்கள் அரபு.

“உம்மாவின் கிதாபு, மாஸ்டர். வீடுகளைச் சோதிக்கிறார்கள் என்கிறார்கள். அரபு எழுத்தைக் கண்டாலே கேள்வி கேட்பார்களாம். வைத்திருப்பதா, எரித்துவிடுவதா என்று விளங்கவில்லை,” என்றார்.

அதில் யாது எழுதியிருக்கின்றது என வினவினேன். அவர் கண்ணாடியை அணிந்து, விரலை வலமிருந்து இடமாக ஓட்டி மெல்ல வாசிக்கத் தொடங்கினார். நான் திகைத்துப் போனேன். அவர் வாசித்த ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. அது தமிழ். மணமாகிச் செல்லும் பெண்ணுக்குத் தாய் கூறும் அறிவுரை; அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் உண்ணலாகாது என்னும் ஒழுக்கம். தமிழைப் பாடமாகப் பயின்று வெளிவாரிப் பட்டம் பெற்றவன் நான். என் முன் விரித்துக் கிடந்த தமிழ் நூலின் ஓரெழுத்தையேனும் வாசிக்க இயலாதவனாய் நின்றேன்.

இதுவே அரபுத்தமிழ். தமிழகத்துக் கடற்கரைப் பட்டினங்களிலும் இலங்கையிலும் வாழ்ந்த முஸ்லிம்கள் தம் தாய்மொழியாகிய தமிழை அரபு எழுத்தில் எழுதிய முறை அது. சமய நூலும் சட்ட நூலும் மருத்துவ நூலும் அதில் எழுந்தன. இலங்கைக்குப் பலமுறை வந்து கல்விப்பணி புரிந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அதில் நூல் செய்தோருட் சிறந்தவர். திருக்குர்ஆன் ஓதுதற்கு அரபு எழுத்தைக் கற்ற பெண்கள் பலர் தமிழெழுத்தைக் கற்கும் வாய்ப்புப் பெற்றிலர். அவர்களுக்குக் கல்வி சென்ற வாயில் பெரும்பாலும் இதுவே.

தமிழுக்குரிய ஒலிகள் சில அரபில் இல்லை. பகரம் இல்லை, டகரம், ணகரம், ளகர ழகரங்கள் இல்லை, எகர ஒகர உயிர்களுக்கும் குறியில்லை. அரபுத்தமிழார் இவற்றைக் கைவிட்டாரல்லர். உள்ள எழுத்துக்களுக்குப் புள்ளியைக் கூட்டியும் இடம் மாற்றியும் புதிய எழுத்துக்களை ஆக்கிக்கொண்டனர். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது நம் பழைய இலக்கணம். தமிழொலியைக் காத்தற்கு அரபெழுத்தும் புள்ளி பெற்றது என்பதை நம்மிற் பலர் அறியோம். கெய்ரோவிலும் தோகாவிலும் கண்ணாடிக்குள் வைத்துப் போற்றப்படும் அவ்வெழுத்துக் கலையின் ஒரு கிளை தமிழ் பேசும் கிளையாகும். அது அழியின் இழப்பு முஸ்லிம்களுடையது மாத்திரமன்று, தமிழுடையதுமாகும்.

எரிக்கவேண்டாம் என்று நானாவிடம் கூறினேன். எரிந்த நூல்கள் பற்றி என் குடும்பத்துக்கும் தெரியும். 1983 ஜூலையில் பதுளை நகரிலே தமிழர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையானபோது எங்கள் பெட்டியொன்றும் எரிந்தது. அதனுள் என் பாட்டனார் தம் கையால் எழுதி வைத்திருந்த காமன்கூத்துப் பாட்டுக் கொப்பி இருந்ததாம். அப்பாட்டுக்களுட் பாதியை இன்று பாடுவாரில்லை.

காத்தான்குடி வரை

பேராதனையிற் தொடங்கி நுவரெலியா, பதுளை, பிபிலை, மகா ஓயா வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை கிழக்கே செங்கலடியில் முடிகின்றது. அங்கிருந்து மட்டக்களப்பைக் கடந்து தெற்கே சிறிது தூரம் சென்றால், பேரீச்ச மரங்கள் அணிவகுத்த வீதியையுடைய காத்தான்குடியை அடையலாம். 2015இல் அங்கே பூர்வீக நூதனசாலை ஒன்று திறக்கப்பெற்றது. இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றையும் வாழ்க்கை முறையையும் பழம் பொருள்களாலும் மாதிரிகளாலும் காட்டுதல் அதன் நோக்கம். கெய்ரோவிலுள்ள அரசர்தம் விளக்குகளை நாடுவோர்க்கு அது சிறிதாகத் தோன்றலாம். ஆயின் இத்தீவின் முஸ்லிம் மக்கள் தம் கதையைத் தாமே தொகுத்துக் கூறும் இடம் என்ற வகையில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

அவ்வூருக்கு நம் மாணாக்கரை அழைத்துச் செல்லும் தமிழாசிரியர் ஒன்றை மறைத்தல் தகாது. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் அவ்வூரின் இரண்டு பள்ளிவாசல்களிலே தொழுகையிலிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. அத்தகைய நேரத்தில் பழைய கிதாபுகளைத் தேடி எடுத்துச் செல்வார் யார்? இவை தமிழ் பேசுவோர் தமிழ் பேசுவோர்க்கு இழைத்த தீங்குகள். நூதனசாலையின் வாயிலை நாம் தாண்டும்போது இந்நினைவும் உடன் வருதலே முறை. அந்நினைவின்றிப் பழம்பொருளை வியந்து நிற்றல் பாதிக் கல்வியே.

நாம் செய்யத்தக்கது

பெரிய நூதனசாலை அமைக்க நம் பாடசாலைகளுக்குப் பொருளில்லை. வேண்டுவதும் அதுவன்று. ஒரு பதிவேடு போதும். கடைவீதியிலும் கிராமத்திலும் தோட்டத்திலும் உள்ள பழைய வீடுகளுக்கு மாணாக்கர் சென்று, கிதாபு, செம்புக் கலம், கல்லெழுத்து எதுவாயினும், உரிமையாளர் இசைந்தாற் படமெடுத்துக் குறித்து வரலாம். பொருள் அவ்வீட்டிலேயே இருக்கட்டும். முதியோர் வாசிக்கும் குரலைக் கைப்பேசியிற் பதிந்துகொள்ளலாம். அதே பதிவேட்டில் நம் தோட்டத்துப் பொருள்களும் இடம்பெறட்டும்: கொழுந்துக் கூடையும், பிரட்டுக்கு அழைத்த தப்பும், எஞ்சியுள்ள காமன்கூத்துக் கொப்பிகளும். இரண்டும் ஒரே ஏட்டில் அமையும்போது மாணாக்கர் அவற்றை அயலார் பொருள், நம் பொருள் எனப் பிரித்துக் காணார்.

அந்நூலை ஒரு நூதனசாலைக்குக் கொடுத்தாலென்ன என்று பின்னொருநாள் நானாவிடம் கேட்டேன். “கொடுக்கலாம். கண்ணாடிக்குள் பத்திரமாக வைப்பார்கள். ஆனால் வாசிக்க யார் இருக்கிறார்கள், மாஸ்டர்? என் பிள்ளைகளுக்கே தெரியாது,” என்றார்.

அவ்வினாவுக்கு விடையாக என்னால் இயன்றது ஒன்றே. போயா நாள்களிற் பிற்பகல் அவர் கடைக்குச் சென்று அவ்வெழுத்துக்களைக் கற்று வருகின்றேன். நாற்பதைக் கடந்தவனுக்கு வலமிருந்து இடமாக வாசித்தல் எளிதன்று. புள்ளிகளைத் தவறவிட்டுப் பகரத்தை வேறெழுத்தாகப் படிப்பேன். அவர் நகைத்துத் திருத்துவார். அவருடைய பேரனும் என் மாணாக்கர் இருவரும் இப்பொழுது உடன் அமர்கின்றனர். நூலின் நாற்பது பக்கங்களிற் பதினொன்றை இதுவரை தமிழெழுத்திற் பெயர்த்து எழுதியுள்ளோம். எஞ்சியவற்றை நானாவின் கண்ணொளி உள்ளபோதே முடித்தல் வேண்டும். இத்தகைய நூல் தம் அயலிலே உளதோ என ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் ஒருமுறை வினவிப் பார்ப்பாராக.